அசையாத அக்காவின் கழுத்து

பழைய சாமான் ஏலம் விடும் அந்தக் கூடத்தில் வாயைத் திறப்பவர் ஏலக்காரர் ஒருவர்தான். அவரும் அதற்குச் சம்பளம் வாங்குகிறார். மற்றவர்கள் எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, எனக்கும் இந்த உலகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதுபோல உட்கார்ந்திருப்பார்கள். மூடிப்போன அலுவலகத்து மேசைகள், காலி செய்த வீட்டுப் பீரோக்கள், திவாலான கடைகளின் கண்ணாடி அலமாரிகள் என்று ஒவ்வொன்றாக மேடைக்கு வரும். வாங்க வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு சைகை. ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். ஒருவர் காது மடலைச் சொறிவார். பெருமூச்சு விட்டே விலை கேட்பவர் ஒருவர் உண்டு. பெருமூச்சுக்காரர் என்பதே அவருக்குப் பெயராகிவிட்டது. ஆஸ்துமா இருப்பவர்கள் அங்கே தொழில் செய்ய முடியாது.

அக்காவின் சைகை, மோவாயை ஒரு துளி தாழ்த்துவது. எறும்பு கடித்தால்கூட மனுஷர்கள் அதைவிட அதிகம் அசைவார்கள். ஏலக்காரர் கண்ணுக்கு மட்டும்தான் அது தெரியும். பக்கத்து நாற்காலிக்காரருக்கே தெரியாது. தெரிந்தால் ஆபத்து. அக்கா ஒரு பொருள்மேல் கண் வைத்துவிட்டாள் என்று பெருமூச்சுக்காரருக்குத் தெரிந்தால் போதும், வேண்டுமென்றே நாலு பெருமூச்சு விட்டு விலையை ஏற்றிவிடுவார். ஆகவே அவள் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பாள். சாமான்கள் மட்டும் சத்தமில்லாமல் அவள் வண்டிக்குப் போய்க்கொண்டே இருக்கும். 'அசையாத அக்கா' என்று கூடத்தில் பெயர் வந்தது அப்படித்தான். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

அந்தக் கூடத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். சைகை என்றால் சைகை. மூணு தரம் சொல்லிச் சுத்தியல் விழுந்துவிட்டால் பொருள் உன் தலையில். ஈ ஓட்டினேன், தூங்கி வழிந்தேன் என்ற கதையெல்லாம் எடுபடாது. புதிதாக வந்த ஒருவர் தும்மிவிட்டு, மூன்று காலில் நின்ற ஒரு பில்லியர்ட்ஸ் மேசையோடு வீட்டுக்குப் போன கதையை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அப்போது அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தவள்தான்.

அவள் புருஷனுக்குத் தெருவே வைத்த பெயர் ஆமாஞ்சாமி. வண்டி ஓட்டுவது, சாமான் ஏற்றி இறக்குவது, அவர்களுடைய பழைய சாமான் கடையில் உளுத்த கட்டைக்கு மருந்தடித்து பாலிஷ் போடுவது எல்லாம் அவர் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அக்கா சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவதும் அவர் வேலைதான். கடையைப் பெரிசு பண்ணலாமா என்றால் ஆட்டுவார். அடுத்த நிமிஷமே வேண்டாம் என்றால் அதற்கும் ஆட்டுவார். பேச்சுக்குத்தான் அவள் கேட்பாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கக்கூட மாட்டாள். ஆனால் அக்கா வீட்டில் யாருக்கும் தலையாட்டியதே இல்லை. அவள் தலை அசைந்தால் அதற்கு ஒரு விலை உண்டு, அதை வீணடிக்க அவளுக்கு மனசு வராது.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் மண் விழுந்தது ஒரு பல் டாக்டர் நாற்காலியால்.

அன்றைக்கு மேடையில் அந்த நாற்காலி நின்றது. சாய்ந்து படுக்கலாம், மிதித்தால் மேலே ஏறும், கையடியில் எச்சில் துப்ப ஒரு பீங்கான் கிண்ணம் வேறு. அதைத் தெருவில் போட்டாலும் அக்கா எடுத்திருக்க மாட்டாள். சில மாதங்களாகவே அவளுக்குக் கழுத்திலிருந்து வலது கை வரைக்கும் ஒரு வலி. படுக்கை சரியில்லை, தலையணை சரியில்லை, பீரோவைத் தள்ளியதால் வந்தது என்று தினம் ஒரு காரணம் சொல்லித் தைலம் தடவிக்கொண்டிருந்தாள். ஏலக்காரர் இரண்டாம் தரம் சொன்ன நேரம் பார்த்து, தோளிலிருந்து விரல் நுனி வரை மின்சாரம் பாய்ந்ததுபோல ஒரு வெட்டு வெட்டியது. மோவாய் தானாகத் தாழ்ந்தது. சுத்தியல் விழுந்தது.

எழுந்து நின்று, இது வலியில் வந்தது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் கூடமே கேட்டிருக்கும், பெருமூச்சுக்காரரும் கேட்டிருப்பார். வேண்டுமென்றுதான் வாங்கினேன், சலூன்காரர் யாராவது கேட்பார் என்று வண்டியில் புருஷனிடம் சொன்னாள். அவர் வழக்கம்போலத் தலையாட்டினார். ஆனால் கண்ணாடியில் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் ஆட்டினார்.

அடுத்த வாரம் அதே வெட்டு மறுபடி வந்தது. அன்றைக்கு அக்கா வாங்கியது, மூடிப்போன ஒரு நீச்சல் குளத்தின் குதிக்கும் பலகை. அதை வண்டியில் ஏற்ற முடியாமல் பாதி வெளியே நீட்டிக்கொண்டு, சிவப்புத் துணி கட்டி, ஊரே வேடிக்கை பார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அன்று ராத்திரி சாப்பிடும்போது கையிலிருந்த தம்ளர் நழுவித் தரையில் உருண்டது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் உணர்ச்சியே இல்லை. ஆமாஞ்சாமி துணியை எடுத்துத் தரையைத் துடைத்தார். துடைத்து முடித்து, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றார். அவர் சொன்னதற்கு அவள் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

ஸ்கேன் எடுக்கும் குழாய்க்குள் அவளைப் படுக்க வைத்து, அசையக் கூடாது என்று சொன்னார்கள். அக்காவுக்கா சொல்ல வேண்டும்? இவ்வளவு சமத்தாகப் படுத்திருந்த ஆளை இதுவரை பார்த்ததில்லை என்று ஸ்கேன்காரர் பாராட்டினார். வாழ்க்கையில் அவள் வாங்கிய ஒரே சர்டிபிகேட் அது.

டாக்டரம்மாவுக்கு வயது கம்மி, பொறுமை ஜாஸ்தி. கழுத்தெலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல ஜவ்வு இருக்கும், கழுத்தின் கீழ்ப்பக்கம் இரண்டு இடத்தில் அது பிதுங்கி நரம்பை நெரிக்கிறது என்று படத்தில் காட்டினார். நாள் கடத்தினால் கையின் பலம் போய்விடும், போனது அப்புறம் திரும்புமா என்பதற்குத் தான் பொறுப்பில்லை என்றும் சொன்னார். பிதுங்கிய ஜவ்வை எடுத்துவிட்டால் அந்த இடத்துக்கு என்ன பண்ணுவது? அதற்கு இரண்டு வழி. மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் சேர்த்து ஒட்டவைத்துவிடலாம். இல்லையென்றால் செயற்கை ஜவ்வு வைக்கலாம். ஒட்டவைத்தாலும் தலை திரும்பும், குனியும், கொஞ்சம்தான் குறையும் என்று டாக்டரம்மா ஆறுதலாகச் சொன்னார்.

அந்தக் கொஞ்சத்தில்தான் அக்காவின் பிழைப்பே இருந்தது. மற்றவர்கள் கழுத்தை வைத்துக்கொண்டு கடல் மாதிரி ஆட்டுகிறார்கள். அவளுக்கு வேண்டியது ஒரு துளி. அந்தத் துளியும் போய்விட்டால் கூடத்தில் கையைத் தூக்கி விலை கேட்க வேண்டும், பெருமூச்சுக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார். கடையை இழுத்து மூடிவிட்டுப் போகலாம். இதையெல்லாம் டாக்டரிடம் சொல்ல முடியுமா? செயற்கை ஜவ்வைக் காட்டுங்கள் என்று மட்டும் கேட்டாள்.

டாக்டரம்மா மேசை இழுப்பறையிலிருந்து மாதிரி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. மேலே ஒரு உலோகத் தகடு, கீழே ஒரு உலோகத் தகடு, நடுவில் வழுவழுவென்று ஒரு பிளாஸ்டிக். அமுக்கினால் இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது. அக்கா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்தாள், நகத்தால் சுரண்டினாள், மேசையில் தட்டிச் சத்தம் கேட்டாள். காதருகில் வைத்து ஆட்டியும் பார்த்தாள்.

"இதை முன்னாடி யார் வச்சிருந்தாங்க?"

யாரும் வைத்திருக்கவில்லை, புத்தம் புதுசுதான் வைப்போம் என்று டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். அக்காவுக்கு அதுவே பெரிய உறுத்தல். வீட்டில் அவள் படுக்கும் கட்டில், சமைக்கும் அடுப்பு, கல்யாணத்துக்கு உடுத்திய புடவை எல்லாமே இரண்டாம் கை. யாரும் பழகிப் பார்க்காத பொருளை நம்பி எப்படி வாங்குவது? எத்தனை வருஷம் உழைக்கும், தேய்ந்தால் என்ன செய்வது, பிடிக்கவில்லையென்றால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று அவள் கேட்கக் கேட்க டாக்டரம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். நெடுநாள் உழைக்கும், ஆனால் சத்தியம் செய்து தர முடியாது. தொண்டையின் முன்பக்கம் திறந்துதான் உள்ளே போவார்கள். முழுங்கச் சிரமமாக இருக்கும், குரல் சில நாள் கம்மலாம், அபூர்வமாகச் சிலருக்குக் குரல் திரும்பாமலும் போகலாம். நரம்புக்குப் பக்கத்தில் செய்கிற வேலை, ஆபத்தே இல்லை என்று சொன்னால் அது பொய்.

நேர்மையாகப் பேசுகிற வியாபாரி என்று அக்காவுக்குப் பிடித்துப்போயிற்று. சரி, இதையே வைத்துவிடுங்கள் என்று எழுந்துவிட்டாள். டாக்டரம்மா சும்மா ஒரு மரியாதைக்கு, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று ஆமாஞ்சாமியைக் கேட்டார். அக்கா அதற்குள் கதவருகே போய்விட்டாள். அவர் தலையாட்டுவார், அது தெரிந்த விஷயம்.

ஆமாஞ்சாமி தலையாட்டவில்லை. டாக்டரம்மா கையிலிருந்த அந்தத் தகடுகளைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். எனக்கு வேண்டாம் என்று தோன்றுகிறது என்றார்.

வண்டியில் ஏறியதும் அக்கா பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா ஆடின தலைக்கு இன்னைக்கு என்ன, சுளுக்கா?"

"மத்ததுக்கெல்லாம் ஆட்டினேன்," என்றார் அவர். "தப்பா போனா ஒரு மேசை போகும், ஒரு பீரோ போகும். இது தப்பா போனா நீ போயிடுவே. அதுக்கு எப்படி ஆட்டறது?"

 பதில் வராதபோது அக்கா கோபப்படுவாள், அன்றும் கோபப்பட்டாள். கியரை ஒழுங்காகப் போடத் தெரியவில்லை என்று வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள்.

ஆபரேஷன் என்ற செய்தி பரவியதும் வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவரிடமும் கைவசம் ஒரு கதை இருந்தது. அக்காவின் தங்கச்சிக்குத் தெரிந்த ஒருத்திக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் ஆண் குரல் வந்துவிட்டதாம். எதிர்வீட்டுத் தையல்காரர், கழுத்தில் இரும்பு இருந்தால் இடி விழும் என்றார். மாடி வீட்டு வாத்தியார், நாட்டு மருந்தில் குணமாகாத நோயே கிடையாது என்று ஒரு மணி நேரம் கழுத்தறுத்தார். கழுத்தறுப்பதை டாக்டரம்மாவே வாரா வாரம் பண்ணுகிறார், நீங்களும் ஒரு கத்தி எடுத்துக்கொண்டு அவரோடு சேர்ந்துகொள்ளலாமே என்று அக்கா அவரை அனுப்பிவைத்தாள். ஆமாஞ்சாமி மட்டும் கடை வேலை முடிந்ததும் அந்தப் பல் டாக்டர் நாற்காலியில் போய்ச் சாய்ந்துகொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே சவடால் விட்டாளே தவிர, அக்காவுக்கு உள்ளுக்குள் குளிர் கண்டிருந்தது. அவள் எதைச் செய்தாலும் பக்கத்தில் ஒரு தலை ஆடிக்கொண்டிருக்கும். அதை அவள் மதித்ததே இல்லை. கடியாரச் சத்தத்தை யார் மதிக்கிறார்கள்? அது நின்ற பிறகுதான் வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று தெரிந்தது. ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்தை அவளே போட்டாள். ஆபரேஷன் அன்று காலை தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோனபோது அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். கதவு வந்தது. அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். ஒரே ஒரு ஆட்டு, இப்போதாவது ஆட்டேன் என்று மனசுக்குள் கெஞ்சினாள். வாயைத் திறந்து கேட்க மட்டும் வரவில்லை. அவர் முகம் கோணியது, தலை அசையவில்லை. கதவு மூடிக்கொண்டது.

உள்ளே மயக்க மருந்து கொடுப்பவர், எதையாவது எண்ணிக்கொண்டே இருங்கள் என்றார். அக்காவுக்குத் தெரிந்த எண்ணிக்கை ஒன்றுதான். ஒரு தரம் என்றாள். ரெண்டு தரம் என்றாள். மூணாவது வாயில் வரவில்லை.

கண் விழித்தபோது தொண்டைக்குள் உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததுபோல் இருந்தது. பேசப் பார்த்தாள், காற்றுதான் வந்தது. ஆனால் வலது கையில் அந்த வெட்டு இல்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் போர்வையில் உரசிப் பார்த்தாள். கட்டை விரலுக்குப் போர்வையின் சொரசொரப்பு மங்கலாகத் தெரிந்தது. நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரத்தில் அவள் கொஞ்சம் அழுதுகொண்டாள்.

மறுநாள் டாக்டரம்மா வந்து, இடது பக்கம் பாருங்கள், வலது பக்கம் பாருங்கள் என்றார். எண்ணெய் போடாத பீரோக் கதவு திறப்பதுபோல் அவள் திரும்பினாள். எல்லாம் நன்றாக இருக்கிறது, பயப்படாமல் மெதுவாக அசைத்துப் பழகுங்கள் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போனார். அக்கா பழகவில்லை. நர்ஸ் வரும்போது மட்டும் கணக்குக்கு இரண்டு தடவை திரும்பிவிட்டு மறுபடி கட்டைபோல் படுத்துக்கொண்டாள். அந்த ஒரு துளித் தாழ்த்தலை மட்டும் அவள் தொடவேயில்லை. செய்து பார்த்து, வராமல் போய்விட்டால்? செய்து பார்க்காதவரை அது இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா? கூடத்தில் இப்படி நினைத்துக்கொண்டு, ஏலத்தில் எடுத்த மூட்டையைப் பிரிக்காமலே வைத்திருக்கும் முட்டாள்கள் பலரை அவளுக்குத் தெரியும்.

சாயங்காலம் ஆமாஞ்சாமி பிளாஸ்க்கோடு வந்தார். குரல் இல்லாத பெண்டாட்டி முன்னால் உட்கார்ந்து பழக்கமில்லாததால் முதலில் என்ன செய்வதென்று தெரியாமல் பிளாஸ்க்கைத் திறந்து திறந்து மூடினார். அப்புறம் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. இவருக்குள் இவ்வளவு பேச்சு இருந்ததா என்று அக்கா ஆச்சரியப்பட்டாள். ஏலக்காரர் அவளைப் பற்றி விசாரித்தாராம். பெருமூச்சுக்காரர்கூட விசாரித்தாராம், அதுவும் நிஜமான பெருமூச்சோடு. குதிக்கும் பலகையைக் கேட்டு யாரும் வரவில்லை. பல் டாக்டர் நாற்காலியைக் கேட்டு ஒரு பச்சை குத்துகிறவர் வந்திருக்கிறார், கேட்ட விலையைத் தருகிறேன் என்கிறார், நாளைக்கு வண்டியோடு வருகிறார்.

அக்காவின் கண் பளிச்சென்றது. தவறி வாங்கிய பொருளும் லாபத்தில் போகிறது என்றால் அவமானம் துடைத்துக்கொண்டு போகுமே.

ஆமாஞ்சாமி பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். ராத்திரியில் தனக்குக் கட்டிலில் தூக்கம் வரவில்லை என்றார். பக்கத்தில் காலியாக இருந்ததாம். கடைக்கு இறங்கிப்போய் அந்த நாற்காலியில் சாய்ந்தாராம், அதில் ஒரு ஆளுக்குத்தான் இடம், அதனால் பக்கத்தில் யாரும் இல்லாதது தெரியவில்லையாம். நீ உள்ளே போனபோது நான் தலையாட்டாமல் விட்டேனே, அதனால் ஏதாவது ஆகிவிட்டிருந்தால் என்று நினைத்து நினைத்து விடிந்தது என்றார். சொல்லிவிட்டு, அவளைப் பார்க்காமல், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒன்று கேட்டார்.

"அந்த நாற்காலியை நாமளே வச்சுக்கலாமா?"

அக்கா வாயைத் திறந்தாள். லாபம், பச்சை குத்துகிறவர், நாளைக்கு வண்டி என்று அடுக்கிச் சொல்ல எல்லாம் தயாராக இருந்தது. காற்றுதான் வந்தது. வாயை மூடிக்கொண்டு அவரைப் பார்த்தாள். மழிக்காத தாடி. சட்டையில் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. ஒரு நாற்காலியைக் கேட்டுவிட்டு, திருடிவிட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஆமாஞ்சாமி நிமிர்ந்தார். சாமான் ஏற்றக் கூடத்து வாசலில் நின்றபடி எத்தனையோ வருஷம் உற்று உற்றுப் பார்த்தும் அவர் கண்ணுக்கு ஒரு நாளும் தட்டுப்படாதது, இத்தனை கிட்டத்தில் இப்போது தெரிந்தது. பிளாஸ்டர் ஒட்டிய தொண்டைக்கு மேலே மோவாய் ஒரு துளி தாழ்ந்து நின்றது. அவர் நாற்காலியை இழுத்துப்போட்டுக் கிட்டே வந்தார். இனி மாற்றிக்கொள்ளக் கூடாது என்பதுபோல அவசரமாகச் சொன்னார்.

"ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம்."

கட்டில் கம்பியில் விரல் முட்டியால் ணங்கென்று தட்டினார். பக்கத்துக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த அம்மாள் திடுக்கிட்டு எழுந்து திட்டினாள். அந்தத் தட்டு விழுந்த பிறகுதான் அக்காவுக்கே உறைத்தது. கழுத்து தாழ்ந்திருக்கிறது. வலிக்கவில்லை. வேண்டிய அளவுக்கு, ஒரு துளி கூடாமல் குறையாமல் தாழ்ந்திருக்கிறது. அவள் சத்தமில்லாமல் அழுதாள், இந்தத் தடவை நர்ஸ் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதாள். அவள் அழுவதைப் பார்த்த ஆமாஞ்சாமி, தான் கேட்டது தப்போ என்று பயந்து, வேண்டாமென்றால் வேண்டாம், கொடுத்துவிடலாம் என்று உளற ஆரம்பித்தார். அக்கா இடது கையை நீட்டி அவர் வாயைப் பொத்தினாள். சைகை என்றால் சைகை.

இதெல்லாம் நடந்து நாளாகிவிட்டது. குரல் திரும்பி வந்தது, கொஞ்சம் கரகரப்போடு. கட்டை விரலுக்கு மட்டும் இன்னும் பாதி உணர்ச்சிதான். அக்கா மறுபடி கூடத்துக்குப் போய், அதே நாற்காலியில், அதே கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்தாள். முதல் நாளே இரண்டு அலமாரியும் ஒரு எழுதும் மேசையும் பெருமூச்சுக்காரர் மூக்குக்கடியிலிருந்து நழுவி அவள் வண்டிக்குப் போய்ச் சேர்ந்தன. குதிக்கும் பலகை கடை முன்னால் பெஞ்சாகக் கிடக்கிறது. எதிர்வீட்டுத் தையல்காரர் தினமும் அதில்தான் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், இடி இன்னும் விழவில்லை.

அந்த நாற்காலி கடைக்கு நடுவில் நிற்கிறது. மதியத்தில் ஆமாஞ்சாமி அதில் சாய்ந்து, கிண்ணத்தில் டீ தம்ளரை வைத்துவிட்டு, வாயைத் திறந்துகொண்டு தூங்குவார். வருகிறவர்கள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள், மிதித்துப் பார்க்கலாமா என்பார்கள், என்ன விலை என்று கேட்பார்கள். அக்கா தலையை நிமிர்த்தாமலே பதில் சொல்வாள்.

"அது வித்துப்போச்சு."